காலில் உறையும் ரத்தம்: ஆறு மாதமா, ஆயுளுக்கும் மாத்திரையா?

1974 ஜூன் மாதம். கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ஒரு சிறப்பு ரயில். பக்கவாட்டில் திறந்திருந்த பெட்டியில், எகிப்து அதிபர் அன்வர் சதாத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தின் இருபுறமும் திரண்ட கூட்டத்துக்குக் கையசைத்தபடி மணிக்கணக்கில் நின்றுகொண்டே வந்தார் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன். அவருடைய இடது கால் அதற்கு முன்பே வீங்கிவிட்டது. காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னது எடுபடவில்லை. வாட்டர்கேட் விவகாரம் கழுத்துக்கு வந்திருந்த நேரம் அது. உள்ளூரில் போன மானத்தை வெளியூரில் மீட்டுவிடலாம் என்று பார்த்தார்.

ஆகஸ்ட் 9-ம் தேதி பதவி போனது. செப்டம்பர் 23-ம் தேதி கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் மருத்துவமனையில் சேர்ந்தார். வலது நுரையீரலில் ஒரு ரத்தக்கட்டி இருப்பது தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து, அக்டோபர் முதல் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதக் கடைசிக்குள் மறுபடி மருத்துவமனை. இந்த முறை அடிவயிற்றுக்குள் ஏறும் இடது பக்கச் சிரையில் பெரிய கட்டி. அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடாமல் இருக்க, அக்டோபர் 29 அன்று சிரையின் குறுக்கே ஒரு கிளிப் போட்டார்கள். அறுவை முடிந்த சில மணி நேரத்தில் வயிற்றுக்குப் பின்புறம் ரத்தம் கசிந்து, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கியது. ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

வாட்டர்கேட் வழக்கில் சாட்சி சொல்ல வரவேண்டியவர் நிஜமாகவே நோயாளிதானா என்று பார்த்து வர, நீதிபதி ஜான் சிரிக்கா மூன்று மருத்துவர்களை அனுப்பினார். இந்த நிலையில் அவரால் வர முடியாது என்று அவர்கள் சொல்லிவிட, நிக்சன் கூண்டில் ஏறாமலேயே வழக்கு முடிந்தது.

கால் சிரையில் ரத்தம் உறைந்தால் என்னென்ன வரக்கூடும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கேஸ் ஷீட் கிடைக்காது. 1964-லேயே அவருக்கு இந்தத் தொல்லை வந்திருக்கிறது. ஆக, திரும்பி வந்த நோய். மேலே ஏறியது, நுரையீரலை எட்டியது, கடைசியில் ரத்தக்கசிவு ஆளைச் சாய்க்கப் பார்த்தது. இத்தனைக்கும் பிறகு மனிதர் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1994-ல் தன் 81-வது வயதில், பக்கவாதத்தால் இறந்தார். பயமும் நம்பிக்கையும் இரண்டுமே நியாயம் என்று சொல்லும் வரலாறு.

நம் வீடுகளில் ஒருவருக்கு ‘டி.வி.டி.’ (ஆழ்சிரையில் ரத்த உறைவு) என்று சொல்லப்பட்டதும் மருத்துவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “கட்டி கரைஞ்சிடுமா டாக்டர்?” அடுத்த முறை போகும்போது, “கரைஞ்சிடுச்சா?” இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்தான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. கொடுக்கப்படும் மாத்திரைகள் கட்டியைக் கரைப்பதே இல்லை. மேற்கொண்டு வளராமல் தடுக்கின்றன, அவ்வளவுதான். இருக்கிற கட்டியை உடம்பே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அரித்துத் தீர்க்கிறது. பலருக்குத் தழும்பு கடைசிவரை ஸ்கேனில் தெரியும். அதனால் ஆபத்து என்று பொருளில்லை. நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை வேறு: கட்டி எந்த இடத்தில் வந்தது, ஏன் வந்தது, அது போன பிறகு சிரையின் வால்வுகள் எந்த நிலையில் இருக்கின்றன.

முழங்காலுக்குக் கீழே, மேலே

நிற்கும்போது பாதத்து ரத்தம் இதயத்துக்குத் திரும்ப ஒரு மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறியாக வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கி, உள்ளே புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் இறங்காமல் சிரையின் வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன. கால் அசையாவிட்டால் பிழிவதற்கு ஆளில்லை. வால்வு மடிப்புகளின் பின்னால் ரத்தம் தேங்கும். உறைவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தேக்கம், ரத்தக்குழாய்ச் சுவரில் காயம், ரத்தத்துக்கே அதிகமாக உறையும் தன்மை. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரில் வழங்கும் இந்த மூன்று காரணங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு, பிரசவம், புற்றுநோய், கருத்தடை மாத்திரை, நாள்பட்ட படுக்கை என எதை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோ போய் நிற்கும்.

தேக்கம் மட்டுமே என்ன செய்யும் என்பதை 1940-ல் லண்டன் பார்த்தது. ஜெர்மன் விமானங்கள் இரவெல்லாம் குண்டு போட, மக்கள் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடைக்கடியில் அழுத்தும். நுரையீரல் அடைப்பால் திடீரென இறந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஆறு மடங்காக இருப்பதைப் பிணப்பரிசோதனை நிபுணர் கீத் சிம்ப்சன் கவனித்து ‘லான்செட்’ இதழில் எழுதினார். உட்கார்ந்து தூங்காமல் படுத்துத் தூங்க வழி செய்யவேண்டும் என்பது அதன் சாரம். குண்டுக்குத் தப்பியவர்களை நாற்காலி கொன்றிருக்கிறது.

கட்டி எங்கே இருக்கிறது என்பதில்தான் முதல் தீர்ப்பு. முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் சிறிய சிரைகளோடு அது நின்றுவிட்டால் ஆபத்து குறைவு. மருந்தே கொடுக்காமல் விட்டாலும் 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் அது மேலே ஏறும். ஏறுவதும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். அதனால் தொந்தரவு அதிகம் இல்லாதவர்களுக்கு உடனே மாத்திரை தொடங்காமல், ஒரு வாரம் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் வழியும் உண்டு. மருந்து என்று முடிவானால் எவ்வளவு நாள்? 2022-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், ஆறு வாரம் ரிவராக்சபான் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 19 சதவீதத்தினருக்குத் தொல்லை திரும்பியது அல்லது மேலே ஏறியது. மூன்று மாதம் சாப்பிட்டவர்களில் அது 11 சதவீதம்.

முழங்காலுக்குப் பின்புறம் மடிப்பில் ஓடும் சிரைக்குக் கட்டி ஏறிவிட்டால் கதை மாறிவிடுகிறது. தொடையிலும் இடுப்பிலும் கட்டி உள்ளவர்களை ஸ்கேன் செய்து பார்த்தால், மூச்சுத்திணறல் என்று ஒரு வார்த்தை சொல்லாதவர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நுரையீரலில் ஏற்கெனவே சில துணுக்குகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கண்டுபிடிக்கும் முறை எளிமையாக இருப்பது நம் அதிர்ஷ்டம். டாப்ளர் அறையில் கவனித்துப் பாருங்கள். ஜெல் தடவிய கருவியைத் தொடையிடுக்கில் வைத்து அங்குள்ள மருத்துவர் லேசாக அமுக்குவார். திரையில் இரண்டு கருவட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒன்று தமனி, அது துடித்துக்கொண்டே வட்டமாக நிற்கும். மற்றது சிரை, நல்ல சிரையாக இருந்தால் அமுக்கியதும் கண்ணைச் சிமிட்டுவதுபோல் மூடிக்கொள்ளும். கையை எடுத்தால் திறக்கும். அங்கிருந்து அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி வருவார். எங்காவது ஓர் இடத்தில் எவ்வளவு அமுக்கியும் வட்டம் மூடவில்லையென்றால், அங்கே கட்டி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த மருத்துவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

சுளுக்கு என்று நினைத்தால்

இந்த நோயின் பெரிய சூழ்ச்சி, அது ஒன்றுமில்லாததுபோல் வருவது. கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டதுபோல் வலி, ஒரு கால் மட்டும் கொஞ்சம் வீக்கம், தொட்டால் சூடு. “சதை பிடிச்சிக்கிச்சு, தைலம் போட்டு நீவிவிட்டால் சரியாயிடும்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பாட்டி சொல்வார், ஜிம் பயிற்சியாளர் சொல்வார். ஒற்றைக் கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கினால் அதை நீவக் கூடாது. நீவியபின் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சுளுக்கெடுப்பவர்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. காலில் கை வைக்கும் முன் ஒரு டாப்ளர் எடுத்துவிட்டு வரச் சொல்லட்டும்.

2003-ல் இராக் போரைப் படையோடு படையாகப் போய் நேரலையில் காட்டிய என்.பி.சி. தொலைக்காட்சியின் டேவிட் புளூமுக்கு 39 வயது. நாட்கணக்கில் ராணுவ வண்டியின் நெருக்கடிக்குள் முழங்காலை மடக்கியபடியே பயணம், தூக்கம். முழங்காலுக்குப் பின்னால் வலி தொடங்கியது. சாட்டிலைட் போனில் மருத்துவர்களைக் கேட்டார். ரத்த உறைவாக இருக்கலாம், உடனே மருத்துவம் பார்க்கவேண்டும் என்றார்கள். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஏப்ரல் 6 அன்று பாக்தாத்துக்குத் தெற்கே சுருண்டு விழுந்து இறந்தார். ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ என்ற மரபணுக் குறை அவருக்கு இருந்தது பின்னால் தெரிந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கு உள்ள குறை அது; நம்மவர்களிடம் அரிது. ஆஸ்பிரின் தட்டணுக்களைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது. சிரையில் உறையும் ரத்தத்துக்கு அது மிகவும் சின்ன ஆயுதம்.

நுரையீரலுக்குப் போன கட்டி பெரிதாக இருந்தால் இதயத்தின் வலப்பக்கம் முட்டி மோதித் தோற்கும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது குத்தல், படபடப்பு, மயக்கம், சில சமயம் இருமலில் ரத்தம். இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்சுக்கு 2011-ல் ஒருமுறை நுரையீரலில் கட்டி வந்தது. 2017-ல் சிசேரியன் ஆன மறுநாள் மூச்சு முட்டியபோது, என்ன ஸ்கேன், என்ன மருந்து வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கவேண்டியிருந்தது. வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் நுரையீரலில் கட்டிகள் இருந்தன. பிரசவ வார்டில் இருக்கும் நம்மூர்ப் பெண், செரீனா அளவுக்கு வற்புறுத்திக் கேட்பாரா என்பதுதான் என் கவலை.

மருந்து கொடுத்தால் என்ன மாறும்? 1960-ல் பிரிஸ்டல் நகரில் பேரிட், ஜோர்டன் என்ற இருவர் நடத்திய சிறிய ஆய்வுதான் அதற்கு முதல் சான்று. மருந்து பெறாத 19 நோயாளிகளில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள், இன்னும் 5 பேருக்கு அடைப்பு திரும்ப வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் அடைப்பால் யாரும் இறக்கவில்லை. அந்த வித்தியாசத்தைப் பார்த்தபின், மருந்து கொடுக்காமல் ஒரு பிரிவை வைத்துச் சோதிக்க ஏறக்குறைய யாருக்கும் மனம் வரவில்லை.

மாட்டிலிருந்து வந்த மாத்திரை

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், அமெரிக்க விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு விவசாயி செத்துப்போன கிடாரியையும் பால் கேனில் உறையாத ரத்தத்தையும் தூக்கிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்தார். பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்துகொண்டிருந்தன. அந்தத் தீவனத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுக்கப்பட்டது. அவருடைய துணை அதிபர் நிக்சனுக்கும் பின்னாளில் அதே மாத்திரைதான்.

நம் ஊரில் அதன் தம்பியான ‘அசிட்ரோம்’ ரொம்பப் பேரின் மாத்திரை டப்பாவில் இருக்கும். ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை மாதாமாதம், 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் உறையும், ஏறினால் கசியும். “கீரையே தொடக்கூடாது” என்று சொல்லி அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் தேவை கீரை நோன்பு இல்லை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுபவர் அதையே தொடரலாம். இந்த வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று தாவுவதுதான் கணக்கைக் கெடுக்கிறது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை கீரையைவிடப் பல மடங்கு ஆபத்து.

ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்த ஐ.என்.ஆர்., கீரைத் தொல்லைகள் இல்லை; மூளையில் ரத்தக்கசிவும் குறைவு. ஒரு விதிவிலக்கு முக்கியம். அடிக்கடி கருக்கலைவு, சிறு வயதிலேயே உறைவு என்று வரும் ‘ஆன்டிபாஸ்போலிப்பிட்’ நோய் தீவிரமாக இருப்பவர்களுக்குப் புதிய மாத்திரைகள் கைகொடுப்பதில்லை. பழைய வார்ஃபரின் வகைதான்.

யாரும் சொல்லாத கால்

நுரையீரல் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கால் பற்றி யாரும் பேசுவதில்லை. உறைவு வந்த கால்களில் ஐந்தில் ஒன்று முதல் பாதி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் நாள்பட்ட தொல்லைக்குள் போகின்றன. 100-ல் 5 முதல் 10 பேருக்கு அது கடுமையாகிறது. கட்டியை உடம்பு அரித்துத் தீர்க்கும்போது வால்வுகளும் சேர்ந்து கெட்டுப்போகின்றன. ஏற்றிய ரத்தம் இறங்கிவிடுகிறது. காலை எழுந்ததும் கால் ஒழுங்காக இருக்கும். மத்தியானத்துக்குள் கனக்கத் தொடங்கும். சாயங்காலம் செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம். விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். சில ஆண்டுகளில் கணுக்காலின் உள்பக்கத்துத் தோல் பழுப்பேறி, தடித்து, மரப்பட்டைபோல் இறுகும். அரிக்கும். சொறிந்த இடத்தில் ஒருநாள் புண் திறக்கும், ஆறாது. டெல்டா மாவட்டங்களில் இப்படிப்பட்ட காலைப் பார்த்ததுமே யானைக்கால் என்று அக்கம்பக்கம் முடிவுகட்டிவிடும். அந்தக் காலை வைத்துக்கொண்டு வகுப்பறையிலோ ஜவுளிக்கடையிலோ நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர் எத்தனை பேர்!

இதைத் தடுக்க இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடுங்கள் என்று பல காலம் எழுதிக்கொடுத்தார்கள். 2004-ல் இத்தாலியின் பதுவாவில் நடந்த ஆய்வு, தொல்லை பாதியாகக் குறைகிறது என்றது. ஆனால் தன் காலில் ஸ்டாக்கிங்ஸ் இருப்பது போட்டவருக்குத் தெரியும் அல்லவா? கனடாவின் சூசன் கான் குழு, ஒரு பிரிவுக்கு அழுத்தம் இல்லாத போலி ஸ்டாக்கிங்ஸைக் கொடுத்துச் சோதித்தது. 2014-ல் முடிவு வந்தபோது, நாள்பட்ட தொல்லை வந்தது உண்மையானதைப் போட்டவர்களில் 14.2 சதவீதம், போலியைப் போட்டவர்களில் 12.7 சதவீதம்! தடுக்கும் சக்தி இல்லை. ஆகவே, சென்னை மே மாத வெயிலில் வியர்வையும் அரிப்புமாக அதைப் போட்டுக்கொண்டு அவதிப்படுபவர்கள் குற்ற உணர்ச்சியே இல்லாமல் கழற்றி வைக்கலாம். போட்டால் வீக்கமும் வலியும் அடங்குகிறது என்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுத்துவிட்டால் வால்வு பிழைக்காதா என்ற ஆசையும் பெருமளவு பொய்த்தது. அமெரிக்காவில் 2017-ல் வெளியான ‘அட்ராக்ட்’ ஆய்வில் அப்படிச் செய்தவர்களில் 47 சதவீதம், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 48 சதவீதம் நாள்பட்ட தொல்லைக்கு ஆளானார்கள். ரத்தக்கசிவு முதல் பிரிவில் அதிகம். கால் முழுதும் நீலம் பாரித்து, காலே போய்விடும் என்ற அபூர்வ நிலையில் அந்தச் சிகிச்சைக்கு வேலை இருக்கிறது. எல்லோருக்கும் லட்சங்கள் செலவழித்துச் செய்வதற்கு ஆதாரம் இல்லை. கால் உண்மையில் கேட்பவை மலிவானவை: நடை, உடல் எடையைக் குறைப்பது, மருந்தை விடாமல் இருப்பது. அதே காலில் இரண்டாம் முறை கட்டி வந்தால் வால்வுகள் மிச்சமிருக்காது. முன்பு டி.வி.டி. என்றால் கட்டிலைவிட்டு இறங்கவிட மாட்டார்கள். இப்போது மருந்து தொடங்கியதும் நடக்கச் சொல்கிறார்கள்.

நிறுத்துவது எப்போது?

மூன்று மாதம் எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு, எதனால் வந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இடுப்பு மாற்று அறுவைக்குப் பின் வந்த கட்டியா? காரணம் போய்விட்டது; மருந்தை நிறுத்தியபின் ஐந்து ஆண்டுகளில் திரும்ப வருவது 100-ல் 3 பேருக்குத்தான். காரணமே தெரியாமல் வந்ததா? நிறுத்திய முதல் ஆண்டில் 10 பேர், ஐந்து ஆண்டுகளில் 25 பேர், பத்து ஆண்டுகளில் 36 பேர் வரை மீண்டும் வந்து நிற்கிறார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். இந்த இரண்டாவது கூட்டத்தில் இருப்பவர்கள் கால் வலி போனதும் தானாகவே மாத்திரையை நிறுத்துவது கவலைக்குரியது.

காரணமில்லாமல் வரும் உறைவின் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்குமோ என்ற பயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1865-ல் அந்தத் தொடர்பை விவரித்த பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ, இரண்டு ஆண்டுகளுக்குள் தன் உடம்பிலேயே உறைவைக் கண்டார். அந்த ஆண்டே வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். ஆனாலும் பயந்து தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. கனடாவில் 854 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஓராண்டில் புற்றுநோய் வெளிப்பட்டது 3.9 சதவீதத்தினருக்கு, வயிற்று சி.டி. சேர்த்து எடுத்ததால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. வழக்கமான பரிசோதனைகள் போதும். எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் போனால் துருவிப் பார்க்கலாம்.

நுரையீரல் அடைப்பிலிருந்து தேறியவர் மூன்று மாத மருந்துக்குப் பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், வயசாகிவிட்டது என்று தள்ளக் கூடாது. 100-ல் 3 பேர் அளவுக்கு, கட்டிகள் கரையாமல் நுரையீரல் தமனியில் நாராக ஒட்டிக்கொண்டு இதயத்தின் வலப்பக்கத்தை அழுத்தும். உடம்பைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சற்று நேரம் நிறுத்திவைத்து, அந்த நாரை உரித்தெடுக்கும் அறுவை இருக்கிறது. குணமாகக்கூடிய ஒரு மூச்சுத்திணறலை எக்கோ ஸ்கேன்கூட எடுக்காமல் வீட்டிலேயே வைத்திருப்பது அநியாயம்.

காரணம் தெரியாத உறைவுக்காரர்களுக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு பாதி அளவு மாத்திரை போதும் என்பது இப்போது கிடைத்திருக்கும் நல்ல செய்தி. 2013-ல் வெளியான ஆய்வில், அபிக்சபான் 2.5 மில்லிகிராம் தினம் இருவேளை சாப்பிட்டவர்களில் ஓராண்டில் உறைவு திரும்பியது 1.7 சதவீதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 8.8 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு கூடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகம், ரத்தச் சிவப்பணு அளவு, கசிவு ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசவேண்டும். போன ஆண்டு எழுதிய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பது அந்தப் பேச்சாகாது.

ஒருமுறை உறைவு வந்த பெண்கள் இரண்டு இடங்களில் அதை மறக்காமல் சொல்லவேண்டும். மாதவிடாய்க் கோளாறுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதப்படும்போது ஒன்று. கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பில் மற்றொன்று. வார்ஃபரின் வகை கருவைப் பாதிக்கும், புதிய மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது என்பதால், தேவைப்படுபவர்களுக்குத் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். பிரசவமானதும் அந்த ஊசியை நிறுத்திவிட முடியாது. ஆறு வாரம் தொடரவேண்டும்.